புலி நாயின் பூர்வீகம்: சுமேரியாவா, திபெத்தா, சும்மாவா?

கேள்வி
2024 ஜனவரி 14

ஃபேஸ்புக் ஜக்கர்பர்க் வளர்த்தாரே, தரை துடைக்கும் மாப் போல ஒரு நாய், அது ஹங்கேரி நாட்டு ஆட்டு நாயாம். இனத்தின் பெயரே புலி. யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: ஆறாயிரம் வருடத்துக்கு முன்னால் சுமேரியாவில் இருந்த நாய், அங்கிருந்து திபெத், திபெத்திலிருந்து ஹங்கேரி, நடுவில் ஒரு துளி கலப்பு கிடையாது, அந்தச் சடையே அதற்கு அத்தாட்சி என்று. நிஜமா? ஹங்கேரியில் இருக்கும் அண்ணன் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். கோவையில் வளர்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள் அண்ணே.

14 ஜனவரி, இரவு

சுமேரியா இல்லை. திபெத்துக்கும் உருப்படியான ஆதாரம் இல்லை. கலப்பு தாராளமாக உண்டு. சடை எதற்கும் அத்தாட்சி அல்ல. கோவைக்கு வேண்டாம்.

விவரம் நாளைக்கு. இங்கே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, காலையில் ஷிஃப்ட்.

15 ஜனவரி

தம்பி, பூர்வீகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹங்கேரியர்களின் முன்னோரான மஜார் குடிகள் கிழக்கே இருந்த ஸ்டெப்பி புல்வெளிகளிலிருந்து குதிரை, மாடு, ஆடு எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு கார்பாத்திய மலைகளைக் கடந்து வந்து இறங்கியது கி.பி. 895 வாக்கில். மந்தை வைத்திருந்தவர்கள் நாய் இல்லாமலா வந்திருப்பார்கள்? அதனால் புலியின் மூதாதை அவர்களோடு வந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். எஃப்.சி.ஐ என்ற அனைத்துலக நாயினக் கூட்டமைப்பு புலிக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது, 55-ஆம் எண். அதிலும் ஆசியப் பூர்வீகம் என்று எழுதிவிட்டு, மஜார்களோடு வந்த கதையை 'பெரும்பாலும்' என்று ஒரு முட்டுக் கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். யூடியூப்காரர் அந்தப் 'பெரும்பாலும்' என்பதை எடுத்துவிட்டு மேலே ரெண்டு மாடி கட்டிவிட்டார்.

சுமேரியா எப்படி உள்ளே வந்தது என்றால், சுமேரியரும் ஹங்கேரியரும் ஒரே வழி என்று நிறுவப் பார்க்கும் ஒரு கூட்டம் இங்கே ரொம்ப காலமாக இருக்கிறது. மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஹங்கேரிய மொழி யுராலிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஃபின்னிஷ் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். மனிதர்களை சுமேரியாவில் கொண்டுபோய் நிறுத்திய பிறகு நாயை மட்டும் வெளியே விட மனசு வருமா, அதையும் கூட்டிப் போய்விட்டார்கள். நம் ஊரிலும் தமிழைச் சுமேரியாவோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

'கலப்பே இல்லை' என்பதுதான் இதில் பெரிய கூத்து. 1239-இல் மங்கோலியருக்குப் பயந்து குமான்கள் என்ற நாடோடிக் குடிகள் மந்தையோடு உள்ளே வந்தார்கள். ரெண்டு வருடத்தில் மங்கோலியரே வந்தார்கள். அப்புறம் துருக்கியர் ஆட்சி, ஒன்றரை நூற்றாண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மெல்லிய கம்பளிக்காக மெரினோ ஆடுகளை மேற்கிலிருந்து கொண்டுவந்தபோது ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்து ஆட்டு நாய்களும் கூடவே வந்து சேர்ந்தன. இத்தனை மந்தை வந்து போன நாட்டில் ஆயிரம் வருடம் ஒரு நாய் மட்டும் யாரோடும் சேராமல் விரதம் இருந்தது என்றால் நம்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

15 ஜனவரி, மதியச் சாப்பாட்டு இடைவேளையில்

"அப்படியென்றால் அது கலப்பு நாயா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கும் புலி நூறு வருடத்துக்கு மேலாகப் பதிவேட்டில் வளர்ந்த இனம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பதிவேடு கிடையாது, அவ்வளவுதான்.

17 ஜனவரி

மேலே ஒருத்தர் போட்டிருக்கும் படம் புலி அல்ல. அது கொமொண்டோர். சடையைப் பார்த்து எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

ஹங்கேரிய மேய்ச்சலில் நாய்க்கு ரெண்டு வேலை. ஒன்று காவல், மற்றது ஓட்டுவது. காவலுக்குக் கொமொண்டோர், குவாஸ் என்று ரெண்டு பெரிய வெள்ளை நாய்கள். கொமொண்டோர் ஆண் குறைந்தது 70 சென்டிமீட்டர் உயரம், எடை 50, 60 கிலோ வரும். ராத்திரி கிடையில் ஆடுகளோடு ஆடாகப் படுத்திருக்கும், ஓநாய் வந்தால் எழுந்திருக்கும். ஓட்டுவதற்குப் புலி, புமி, முடி. புலி ஆண் 39 முதல் 45 சென்டிமீட்டர், 13 முதல் 15 கிலோ. பெண் இன்னும் சின்னது. உங்கள் முழங்காலுக்கு வரும் நாயும் இடுப்புக்கு வரும் நாயும் ஒன்றாகுமா?

நிறமும் உதவும். கொமொண்டோர் வெள்ளை மட்டும்தான். புலியில் கருப்புதான் அதிகம். சாம்பல், முகத்தில் கருப்பு முகமூடி போட்ட வெளிர்பழுப்பு, வெள்ளை எல்லாம் உண்டு. இருட்டில் ஓநாயையும் நாயையும் பிரித்தறிய காவல் நாய் வெள்ளையாகவும், பகலில் வெள்ளையாகத் தெரியும் மந்தைக்குள் சட்டென்று கண்ணில் பட ஓட்டும் நாய் கருப்பாகவும் இருக்கட்டும் என்று ஆட்டுக்காரர்கள் தேர்ந்தார்கள் என்பார்கள். அழகான விளக்கம். கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது என்பது என் சந்தேகம். ஆனாலும் இங்கே ஹோர்டோபாஜ் என்ற மேய்ச்சல் புல்வெளியில் மாலை வெளிச்சத்தில் ஒரு கருப்பு நாயை மந்தைக்குள் தேடிப் பார்த்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டார்கள்.

'முடி' என்ற பெயருக்குக் கேலி செய்கிறவர்கள் இந்த வரிக்குக் கீழே செய்து முடித்துக்கொள்ளுங்கள். ஆமாம், ஓட்டும் நாய்கள் மூன்றில் மயிர் குறைந்தது அதுதான்.

20 ஜனவரி

இன்றைக்கு லீவு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

புலி, புமி, முடி என்று மூன்று இனங்கள் இருப்பதாக இன்றைக்குச் சொல்கிறோம். ஆட்டுக்காரனுக்கு அப்படி மூன்று கிடையாது. ஆடு ஓட்டத் தெரிந்த நாய், தெரியாத நாய், அவ்வளவுதான். புலி, புமி என்ற ரெண்டு பெயரையும் வெகுகாலம் ஒன்றுக்கு ஒன்று மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தி வந்தார்கள். காது நிமிர்ந்ததா, தொங்கியதா, மயிர் சுருண்டதா, சடையா என்றெல்லாம் பார்த்துக் குட்டி எடுத்தவன் யாரும் புஸ்தா என்ற இந்த ஊர்ப் புல்வெளியில் இல்லை. வேலை செய்கிற நாயும் வேலை செய்கிற நாயும் சேர்ந்தன.

அதைப் பிரித்தவர் ரைட்சிட்ஸ் எமில். இங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும். புடாபெஸ்ட் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். 1912-இல் புடாபெஸ்ட் மிருகக்காட்சிசாலையோடு சேர்ந்து, அதன் இயக்குநர் லெண்டில் அடோல்ஃப் ஒத்துழைக்க, கிராமத்து நாய்களிலிருந்து பொறுக்கி எடுத்துப் புலியைத் திட்டமிட்டு வளர்க்க ஆரம்பித்தார். யோசித்துப் பாருங்கள், 'கலப்பில்லாத ஆதி நாய்' என்று இன்றைக்குப் பெருமை பேசும் இனம், சிங்கம் கரடியோடு மிருகக்காட்சிசாலையில் மறுபடி தொடங்கிய இனம். 1915-இல் முதல் வரையறை எழுதப்பட்டது. 1924-இல் எஃப்.சி.ஐ ஏற்றது. அதே 1920-களில் புமியைத் தனி இனமாகப் பிரித்து எழுதியவரும் ரைட்சிட்ஸ்தான்.

மிச்சம் இருந்ததிலிருந்து 1936-இல் ஃபேன்யெஷ் தெஜ்ஜோ, பலஷ்ஷாத்யர்மத் ஊர் அருங்காட்சியக இயக்குநர், முடியைத் தனியாக அடையாளம் காட்டினார். மிச்சம் என்று நான் சொல்வதை இழிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சடை விழுந்ததைப் புலி என்றும், சுருட்டை மயிரும் நுனி மடிந்த காதும் உள்ளதைப் புமி என்றும் எடுத்துக்கொண்ட பிறகு, கூர்க்காதும் முகத்தில் குட்டை மயிருமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஃபேன்யெஷ் கண்டுகொண்டார்.

அமெரிக்கன் கென்னல் கிளப் பட்டியலைப் பாருங்கள். புலி நுழைந்தது 1936. புமி 2016. முடி 2022. ஒரே மந்தையின் பின்னால் ஓடிய நாய்கள், முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவில் 86 வருடம். என் கணக்கில் இந்த இடைவெளி நாயின் வயதைக் காட்டவில்லை, எது பார்க்க வித்தியாசமாக இருந்ததோ அது முதலில் உள்ளே போனது என்பதைக் காட்டுகிறது. சடை கண்ணில் பட்டது. முடியிடம் காட்டுவதற்கு வேலையைத் தவிர ஒன்றும் இல்லை.

20 ஜனவரி, சாயங்காலம்

ஒன்று விட்டுப்போனது. 1930-களில் புலியையே உயரத்தை வைத்து நான்காகப் பிரித்திருந்தார்கள். அதில் பெரியதற்குப் போலீஸ் புலி என்று பெயர். போலீஸ் புலி! இந்தப் பெயரோடு நம் ஊரில் ஒரு படம் ஓடியிருக்கும்.

21 ஜனவரி

சரி, சடை. எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள்.

புலிக்கு ரெண்டு அடுக்கு மயிர். அடியில் மென்மையான பஞ்சு மயிர், மேலே முரட்டு மயிர். மற்ற நாய்களுக்கு உதிரும் அடிமயிர் இதற்குக் கீழே விழாமல் மேல்மயிரில் சிக்கிக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போது வெறும் பஞ்சு உருண்டைதான். எட்டு, பத்து மாதத்தில் முடிச்சு விழத் தொடங்கும். தரையைத் தொடும் நீளத்துக்கு வர நாலைந்து வருடம் ஆகும்.

'தானாகச் சடை விழும், சீப்பே வேண்டாம், பராமரிப்பு இல்லாத நாய்' என்று எழுதுகிறவர்கள் ஒரு புலியைத் தொட்டதே இல்லை என்று அர்த்தம். எங்கள் கட்டடத்தில் மேல்மாடிப் பாட்டியிடம் பொத்ரி என்று ஒரு கருப்புப் புலி இருக்கிறது. பாட்டிக்கு விரல் மூட்டு வலி வந்த பிறகு சடை பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. விட்டால் சடைகள் தோலை ஒட்டிய இடத்தில் ஒன்றோடொன்று பின்னி, கம்பளிப் பலகை மாதிரி தட்டையாகிவிடும். அதை ரெண்டு கையாலும் பிடித்து, எந்த மயிர் எந்தச் சடைக்குப் போகிறது என்று பார்த்து, தோல் வரைக்கும் கிழித்துப் பிரிக்க வேண்டும். கர்ரென்று ஒரு சத்தம் வரும். பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும், பொத்ரி குறட்டை விடும். காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும்தான் மோசம். ஒரு வாரம் கை வைக்காவிட்டால் அங்கே கத்தரிக்கோல்தான். பூங்காவில் உருண்டுவிட்டு வந்தால் புல் விதை, முள், ஒரு தடவை யாரோ போட்ட ஐஸ்கிரீம் குச்சி, எல்லாம் உள்ளே இருக்கும்.

குளியல் இன்னொரு கதை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூவைக் கரைத்து ஒவ்வொரு சடையாகப் பிழிந்து விட வேண்டும். தேய்க்கக் கூடாது. அலசும்போதுதான் பொறுமை போகும், நுரை வந்துகொண்டே இருக்கும். நனைந்த புலியைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கும். துண்டு மேல் துண்டாக ஒற்றி எடுத்து, மின்விசிறி முன்னால் உட்கார வைத்தால், முழுசாகக் காய ஒரு நாள் போகும், குளிர்காலத்தில் ரெண்டு நாள்கூட ஆகும். உள்ளே ஈரம் நின்றால் பூசணம் பிடித்து நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்த சடையை எதுவும் செய்ய முடியாது, வெட்டத்தான் வேண்டும். பாட்டி ஒரு தடவை சலூனில் விட்டுப் பார்த்தார். அரை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்து, முழுக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் சலூன் பக்கம் போகவில்லை.

22 ஜனவரி

"இவ்வளவு சடையோடு ஆடு மேய்த்ததா?" சரியான கேள்வி. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

தரை கூட்டும் சடை கண்காட்சி மேடையின் சரக்கு. மேய்ச்சல் நாய்க்கு ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும்போதே சேர்த்துக் கத்தரித்துவிடுவார்கள். அதே கத்தரிக்கோல். அதனால் ஆட்டுக்காரன் பார்த்த புலிக்கு ஒரு வருடத்து மயிர்தான் இருந்திருக்கும், அங்கங்கே முடிச்சு, அங்கங்கே சேறு. ஆதி நாயின் அத்தாட்சி என்று யூடியூப்காரர் காட்டும் அந்த முழுச் சடை, அந்த ஆதிக் காலத்தில் நாயின் உடம்பிலேயே இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

27 ஜனவரி

"சடை உள்ள நாய்கள் எல்லாம் சொந்தம், திபெத்தியன் டெரியரும் புலியும் அண்ணன் தம்பி" என்று ஒரு அன்பர் விடாமல் எழுதுகிறார். அன்பரே, பூடில் நாயை வாராமல் விட்டால் அதற்கும் சடை விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சடை பூடில் என்று தனியாகவே வளர்த்தார்கள். இத்தாலியில் பெர்கமாஸ்கோ என்று ஒரு மலை ஆட்டு நாய், அதற்குத் தட்டைத் தட்டையாகச் சடை. இவை எல்லாம் ஒரு தாய் வயிறா?

2009-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்து, மயிர் வகை வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள். ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசை புருவம் மாதிரி முகத்து மயிருக்கு. மூன்று சுவிட்சு. மூன்றும் எந்த ஊரிலும் எந்த நாயிலும் இப்படியோ அப்படியோ கூடி வரலாம். மயிரை வைத்துப் பூர்வீகம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று இதற்கு மேல் என்ன சொல்ல?

20-ஆம் தேதி எழுதியதற்கும் இது பொருந்தும். புலியையும் முடியையும் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் தோன்றும். இந்த மூன்று சுவிட்சை நினைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வளவு தூரம் தெரியவில்லை.

28 ஜனவரி

திபெத் அன்பர் "மூடிய மனது" என்று திட்டியிருக்கிறார். முடிய மனது என்று எழுதியிருந்தால் ரசித்திருப்பேன்.

4 பிப்ரவரி

ஹோர்டோபாஜ் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு. டெப்ரெட்சென் நகரத்திலிருந்து மேற்கே, பஸ்ஸில் ஒரு மணிக்குள். மரமே இல்லாத உவர்ப்புல் வெளி, அடிவானம் வரை. 1973 முதல் தேசியப் பூங்கா, 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒன்பது வளைவு கொண்ட பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதற்கே போகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது ரட்ஸ்கா ஆடு. கிடா, பெட்டை ரெண்டுக்கும் திருகாணி மாதிரி முறுக்கிய கொம்பு V வடிவில் நேரே மேலே நிற்கும்.

போன இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு முடி வேலை செய்ததைப் பார்த்தேன். சாலையைக் கடந்து பட்டிக்குப் போக வேண்டிய மந்தை. ஒரு கிழட்டுக் கிடா மட்டும் வரமாட்டேன் என்று திரும்பி நின்று கொம்பைக் கீழே இறக்கிக் காட்டியது. முடி அதன் மூக்குக்கு முன்னால் நின்று குரைத்தது. கிடா அசையவில்லை. ரெண்டு எட்டு பின்வாங்கியது முடி, பயந்துவிட்டது என்று நினைத்தேன். கிடாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கொம்பைத் தூக்கியது. அந்த நேரத்தில் முடி பக்கவாட்டில் சுற்றிப் போய்ப் பின்னங்கால் குளம்புக்கு மேல் ஒரு கவ்வு கவ்வி விட்டுவிட்டது. கிடா துள்ளிக்கொண்டு மந்தைக்குள் போய்ச் சேர்ந்தது. ஆட்டுக்காரர் இவ்வளவு நேரமும் கோலைக்கூடத் தூக்கவில்லை, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பார்டர் கோலி என்ற ஆட்டு நாய் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியும். கோலி குனிந்து, சத்தமே போடாமல், கண்ணாலேயே ஆட்டை நகர்த்தும். ஹங்கேரிய நாய்கள் மூன்றும் நிமிர்ந்து நின்று, கிட்டே போய், தொண்டையால் வேலை வாங்கும். புலி ஆட்டின் முதுகு மேலேயே ஏறி ஓடி மந்தைக்கு முன்னால் போகும் என்றும் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. பொத்ரி சோபா முதுகு மேல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் மறுக்கவும் மனசில்லை.

11 பிப்ரவரி

குரைப்பைப் பற்றி எழுதியதும் ஞாபகம் வந்தது. புடாபெஸ்ட் எல்டே பல்கலைக்கழகத்தில் சானி வில்மோஷ் தொடங்கிய விலங்கு நடத்தைத் துறை இருக்கிறது. அங்கே பொங்க்ராட்ஸ் பேட்டரும் கூட்டாளிகளும் நாயின் குரைப்பை ஆராய எடுத்த இனம் எது தெரியுமா? முடி. குரைப்புக்குப் பஞ்சமே இல்லாத நாய்.

ஆறு சூழ்நிலையில் பதிவு செய்தார்கள்: அந்நியர் வாசலில் வரும்போது, சண்டைப் பயிற்சியில், உலாவப் போகும் முன், தனியே கட்டிப்போட்டால், பந்தைக் காட்டினால், விளையாடும்போது. பிறகு மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி எது எந்தச் சூழ்நிலை என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். முடி வளர்ப்பவர், வேறு நாய் வளர்ப்பவர், நாயே வளர்க்காதவர் என்று மூன்று வகையினரையும் வைத்துப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வு 2005-இல் வெளியானது. மூன்று வருடம் கழித்து 14 முடிகளின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குரைப்புகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள், அது 43 சதவீதம் சூழ்நிலையைச் சரியாகச் சொன்னது. ஆறில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொன்னால் 17 சதவீதம்கூட வராது என்பதை வைத்துப் பார்த்தால் நல்ல மார்க்தான்.

எனக்குப் பொத்ரியின் குரைப்பில் தபால்காரர் குரைப்பும் பீட்சாக்காரர் குரைப்பும் தனித்தனியாகத் தெரியும். பீட்சாவுக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

18 பிப்ரவரி

கோவை தம்பி "முதல் நாளே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் எப்படி அண்ணே" என்று தனியாகக் கேட்டிருக்கிறார். எல்லோருக்குமாக இங்கேயே சொல்கிறேன்.

வெயிலை முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். இங்கேயும் ஜூலையில் 35 டிகிரி போகும், மயிரைக் கத்தரித்தால் சமாளிக்கும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால்தான் சிக்கல். இந்த ஊர் வறண்ட காற்றிலேயே காய ஒரு நாள் பிடிக்கும் சடை, ஐப்பசி கார்த்திகை மழையில் எப்போது காயும்? உண்ணி வேறு. சடைக்குள் உண்ணி போனால் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. சடை இல்லாமல் மொட்டையாக வைத்துக்கொள்கிறேன் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், நாய்க்கும் சுகம். ஆனால் நீங்கள் அந்த நாயைப் பார்த்து ஆசைப்பட்டதே சடைக்காகத்தானே?

அதைவிடப் பெரிய காரணம் குணம். இது சும்மா இருக்கத் தெரியாத நாய். மந்தை இல்லாவிட்டால் குழந்தைகளை ஓட்டும், பைக்கை ஓட்டும், விருந்தாளிகளை ஹாலில் ஒரே மூலையில் சேர்க்கும். அந்நியரை உடனே ஏற்காது. புத்தி கூர்மை ஜாஸ்தி, அதனாலேயே ஒரு கட்டளையை ரெண்டாம் தடவை சொன்னால் எதற்கு என்று நம்மைப் பார்க்கும். "புலி நாய் இல்லை, அது புலி" என்று இங்கே ஒரு வசனம் உண்டு. வளர்ப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு தொனியில் சொல்வார்கள்.

25 பிப்ரவரி

போர்க் காலத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ரெண்டாம் உலகப்போரில் ஹங்கேரிய நாய்களுக்கு அடி பலமாக விழுந்தது, முக்கியமாகக் காவல் நாய்களுக்கு. வீட்டுக்குள் நுழைந்த சிப்பாயை விடமாட்டேன் என்று நின்ற குவாசும் கொமொண்டோரும் சுடப்பட்டன. சின்ன நாய்கள் எப்படியோ பிழைத்தன.

புலிக்கு அதற்கு முன்பே அமெரிக்காவில் ஒரு கிளை முளைத்திருந்தது. 1935-இல் அமெரிக்க விவசாயத் துறை நான்கு புலிகளை வாங்கி மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில் பண்ணையில் ஆடு மேய்க்கும் சோதனைக்கு வைத்தது. அங்குள்ள ஆட்டு நாய்களோடு சேர்த்து இன்னும் நல்ல வேலைக்கார நாயை எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். போர் வந்தது, திட்டம் நின்றது. கவனியுங்கள், அவர்களும் கலக்கத்தான் வாங்கினார்கள்.

2004-இல் ஹங்கேரி நாடாளுமன்றம் சாம்பல் மாடு, ரட்ஸ்கா ஆடு, மங்காலிட்சா பன்றியோடு இந்த நாய்களையும் நாட்டின் சொத்து என்று தீர்மானம் போட்டது. அந்தப் பட்டியலில் புலி, புமி, முடி மூன்றுக்கும் இடம் உண்டு. ரைட்சிட்சும் ஃபேன்யெஷும் பிரிக்காமல் விட்டிருந்தால் ஒரே பெயர் போதுமாக இருந்திருக்கும். இதைச் சொன்னபோது ஒரு புமிக்காரர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஆனால் இதை எழுதிய பிறகு இன்னொரு பக்கமும் தோன்றுகிறது. பிரிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு எத்தனை மிஞ்சியிருக்கும்? மேய்ச்சல் சுருங்கிவிட்டது, வேலிபோட்ட பண்ணை வந்துவிட்டது. வேலை இல்லாத நாயை யார் வளர்ப்பார்கள்? ஒரு பெயர், ஒரு பதிவேடு, ஒரு கண்காட்சி இருந்ததால்தான் யாரோ ஒருவர் குட்டி எடுத்தார். பொய்யான பூர்வீகக் கதைகூட அந்த வகையில் நாயைக் காப்பாற்றியிருக்கிறது என்று யூடியூப்காரர் வாதாடினால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. முடியைப் பார்த்தால் மட்டும் அந்த வாதம் கொஞ்சம் இடறுகிறது. பெருமைக் கதை எதுவும் இல்லாமலே அது ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு ஃபின்லாந்தில் இடிபாட்டில் ஆள் தேடும் மீட்பு வேலைக்குக்கூட முடியை எடுக்கிறார்கள்.

3 மார்ச்

நிலாவுக்குப் புலி போகிறதா என்று செய்தித் துணுக்கு ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நாய் போகவில்லை. புலி ஸ்பேஸ் என்பது ஹங்கேரியப் பொறியாளர்களின் குழு, கூகுள் நிலாப் போட்டிக்காக ஊர்தி செய்தவர்கள், நாயின் பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்திக்குச் சடை கிடையாது.

9 மார்ச்

ஜெர்மனியில் இருக்கும் தங்கை ஒருவர், மூன்றில் எதை எடுப்பது, தோட்டம் இருக்கிறது, குழந்தைக்கு ஆறு வயது என்று கேட்கிறார். தினமும் ஓட்டம், பயிற்சி என்று நேரம் கொடுக்க முடியுமென்றால் முடி. நேரம் கொஞ்சம் குறைவு, ஆனால் மாதாமாதம் மயிர் வெட்டிவிடப் பொறுமை இருக்கிறது என்றால் புமி. புலி வேண்டுமென்றால் சடையை மறந்துவிட்டுக் குட்டையாகக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். குரைப்பு மூன்றுக்கும் பொது, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

எதை வாங்கினாலும் தாய், தகப்பன் ரெண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை இந்த நாய்களிலும் உண்டு. குட்டியைத் தாயோடு சேர்த்துக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும்.